டொரிங்டன்: ஊரா, ஆளா?

சென்ற வருடம் ஒரு நாள் வரலாற்றுப் பாடவேளையில் 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எமது மாத்தளையில் நடந்த சம்பவம் என்பதால் அந்தப் பாடத்துக்கு மட்டும் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். புரன் அப்பு, கொங்காலேகொட பண்டா, நாய் வரி, துவக்கு வரி என்று ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில் 'தேசாதிபதி டொரிங்டன் பிரபு' என்று எழுதியபோது பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், டொரிங்டன் எண்டது ஊரா, ஆளா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே "ஆள்தான்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வி உறுத்தத் தொடங்கியது. பல வருடங்களாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். அந்த மனிதருடைய சொந்தப் பெயர் என்ன என்று எனக்கே சரியாகத் தெரியாது. அந்த விடுமுறை முழுவதும் கிடைத்த நூல்களைத் தேடி வாசித்தேன். வாசித்தபோது ஒரு தேசாதிபதியின் வரலாறு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் வரலாறு கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் வரலாற்றிலே 91 வருட இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மாணவியின் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். டொரிங்டன் என்பது ஊர். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்ற பிரதேசத்தில் உள்ள ஒரு சிறிய நகரம். எங்கள் தேசாதிபதியின் பெயர் ஜோர்ஜ் பிங். 'பிங்' என்பது குடும்பப் பெயர். 'டொரிங்டன்' என்பது அந்தக் குடும்பத்துக்கு அரசர் கொடுத்த பட்டத்தில் ஒட்டியிருந்த ஊர்ப் பெயர். வேடிக்கை என்னவென்றால், பிங் குடும்பம் அந்த ஊரைச் சேர்ந்ததும் அல்ல. அவர்களுடைய பூர்வீகம் இங்கிலாந்தின் மறுகோடியில் உள்ள கென்ற் பிரதேசத்தின் றோதம் என்ற கிராமம்.

ஆங்கிலப் பிரபுக்களின் பட்டங்களில் ஐந்து படிகள் உண்டு. மேலிருந்து கீழாக டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், விஸ்கவுண்ட், பாரன் என்று வரும். டொரிங்டன் பட்டம் நான்காம் படியான விஸ்கவுண்ட். இந்தப் பட்டம் ஒருவர் இறந்தால் மூத்த மகனுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் தம்பிக்கு அல்லது தம்பியின் மகனுக்குப் போகும். எத்தனை மகள்மார் இருந்தாலும் அவர்களுக்குப் போகாது. இளைய மகன்மாருக்கும் பட்டம் இல்லை. அவர்கள் கடற்படை, தரைப்படை, திருச்சபை என்று பிழைப்புத் தேடிப் போக வேண்டியதுதான். தகப்பன் விட்டுச்சென்றதில் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் பங்கு உண்டு என்று வாரிசுரிமைப் பாடத்தில் பின்னக் கணக்குப் போட்டுப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் இந்த ஒரு விதியை விளங்கிக்கொண்டால்தான், இலங்கை எப்படி இவருடைய கையில் வந்தது என்பது விளங்கும்.

குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் முதலாவது ஜோர்ஜ் பிங். 1663 இல் பிறந்தவர். தகப்பன் சொத்தை இழந்த நிலையில், 1678 இல் பதினைந்து வயதுப் பையனாகக் கப்பலேறினார். 1704 இல் ஜிப்ரால்டரைப் பிரித்தானியர் கைப்பற்றியபோது கோட்டையைப் பீரங்கியால் தாக்கிய கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். 1718 இல் சிசிலித் தீவின் பசாரோ முனைக்கு அருகே ஸ்பானியக் கடற்படையைச் சிதறடித்தார். அதற்குப் பரிசாக 1721 இல் விஸ்கவுண்ட் டொரிங்டன் பட்டம் கிடைத்தது. பின்னர் பிரித்தானியக் கடற்படை முழுவதையும் நிர்வகிக்கும் உயர்ந்த பதவியில் இருந்தபடியே 1733 இல் இறந்தார். பெட்போர்ட் பிரதேசத்தில் சவுத்ஹில் என்ற கிராமத்தில் அவருக்கு மாளிகையும் காணியும் இருந்தன. அந்தக் கிராமத்துத் தேவாலயத்தில் குடும்பத்துக்கென்று ஒரு நிலவறைக் கல்லறையும் இருந்தது. இந்தக் கல்லறையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாமவருக்குப் பிள்ளைகள் அதிகம். மூத்த மகன் இரண்டாவது விஸ்கவுண்ட் ஆனார். அவருக்கு வாரிசு இல்லாததால் தம்பி ஜோர்ஜ் மூன்றாமவர் ஆனார். அவருக்கும் இளையவர் ஜோன் பிங். 1704 இல் பிறந்த இவருக்குப் பட்டம் வரும் வாய்ப்பு இல்லை. தகப்பனைப் பின்பற்றிக் கடற்படையில் சேர்ந்து அட்மிரல் தரத்துக்கு உயர்ந்தார்.

1756 இல் மத்தியதரைக் கடலில் பிரித்தானியர் வசமிருந்த மினோர்க்கா என்ற தீவைப் பிரெஞ்சுக்காரர் முற்றுகையிட்டனர். கோட்டைக்கு உதவி கொண்டுபோகும்படி ஜோன் பிங்கை அனுப்பினார்கள். கொடுத்த கப்பல்கள் திருத்தம் இல்லாதவை. ஆட்களும் போதாது. மே மாதம் 20 ஆம் திகதி நடந்த கடற்சண்டையில் எந்தப் பக்கமும் தெளிவாக வெல்லவில்லை. தனது தளபதிகளோடு ஆலோசித்த பிங், கோட்டையைக் காப்பாற்ற முடியாது என்று முடிவுசெய்து ஜிப்ரால்டருக்குத் திரும்பினார். அடுத்த மாதக் கடைசியில் மினோர்க்கா வீழ்ந்தது.

லண்டனில் மக்கள் கொதித்தார்கள். வீதிகளில் பிங்கின் கொடும்பாவியை எரித்தார்கள். அரசாங்கத்துக்குத் தன் தலையைக் காப்பாற்ற வேறொரு தலை தேவைப்பட்டது. (இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. அன்றே பலர் அப்படிச் சொன்னார்கள்.) இராணுவ நீதிமன்றம் கூடியது. கோழைத்தனம் என்ற குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. ஆனால் 'தன்னால் இயன்ற அனைத்தையும் செய்யவில்லை' என்ற குற்றத்துக்கு அவரை ஆளாக்கியது. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் இருந்தது மரண தண்டனை ஒன்று மட்டுமே. வேறு தண்டனை கொடுக்க நீதிபதிகளுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே தண்டனையை விதித்த அதே நீதிபதிகளே, இவருக்குக் கருணை காட்டுங்கள் என்று ஒருமனதாக எழுதி அனுப்பினார்கள். மன்னர் இரண்டாம் ஜோர்ஜ் மறுத்துவிட்டார்.

1757 மார்ச் 14 ஆம் திகதி போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் 'மொனார்க்' என்ற கப்பலின் மேல்தளத்தில், ஒரு மெத்தையில் முழந்தாளிட்டு, கைக்குட்டையைக் கீழே போட்டுத் தானே சைகை காட்டி, அட்மிரல் ஜோன் பிங் சுட்டுக்கொல்லப்பட்டார். இரண்டு வருடம் கழித்துப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேயர் தனது 'கண்டீட்' என்ற கதையில் இந்தச் சம்பவத்தைச் சேர்த்து ஆங்கிலேயரை ஐரோப்பா முழுவதும் சிரிக்க வைத்தார்.

குடும்பம் அவரைச் சவுத்ஹில் கல்லறையில் அடக்கியது. கல்லிலே வெறும் பெயரையும் திகதியையும் பொறித்துவிட்டு அவர்கள் நிற்கவில்லை. இவர் அரசியல் பழிவாங்கலுக்குப் பலியானவர், இவருக்கு நேர்ந்தது நாட்டின் நீதிக்கே அழியாத களங்கம் என்ற கருத்தை, ஆட்சியில் இருந்தவர்களுக்குப் பயப்படாமல் பொறித்து வைத்தார்கள். அந்தக் கல் இன்றும் இருக்கிறது. 2007 இல், 250 வருடங்கள் கழிந்த பின்பும், குடும்பத்தின் வழிவந்தவர்கள் அவருக்கு மன்னிப்பு வழங்குமாறு பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சைக் கேட்டார்கள். அமைச்சு இணங்கவில்லை. இருநூற்றைம்பது வருடம் ஒரு அநியாயத்தை மறக்காமல் வைத்திருந்த குடும்பம் என்று இவர்களைச் சொல்லலாம்.

இப்போது மூன்றாமவரின் பிள்ளைகளுக்கு வருவோம். அட்மிரல் சுடப்பட்டபோது பட்டம் ஏற்கனவே மூன்றாமவரின் மூத்த மகனிடம் வந்திருந்தது. இவர் நான்காவது விஸ்கவுண்ட். பிரசல்ஸ் நகரில் பிரித்தானியத் தூதராக இருந்தார். கடன் பெருகியது. 1795 இல் சவுத்ஹில் மாளிகையும் காணியும் விற்கப்பட்டன. வாங்கியவர் சாமுவேல் விற்பிரெட் என்ற மதுபான உற்பத்தியாளர். பிரபுவின் மாளிகைக்கு வியாபாரி குடிவந்தார். கல்லறை மட்டும் பிங் குடும்பத்திடம் எஞ்சியது. பட்டத்துக்குப் பின்னால் முன்போல் காணியும் இல்லை, வருமானமும் இல்லை.

இந்த நான்காமவருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள்மார் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜோர்ஜியானா. பட்டம் அவருக்குக் கிடைக்க வழியில்லை. 1786 இல் ஜோன் றஸல் என்பவரைத் திருமணம் செய்தார். அவர் பின்னால் பெட்போர்ட் டியூக் ஆனார். ஆனால் டியூக்கின் மனைவி என்று அழைக்கப்படும்வரை ஜோர்ஜியானா உயிரோடிருக்கவில்லை. 1801 இல் இறந்தார். அப்போது அவருடைய மூன்றாவது மகனுக்கு ஒன்பது வயது. அந்தப் பையனின் பெயரும் ஜோன் றஸல்தான். 1846 இல் பிரித்தானியப் பிரதமரானவர் அவரே.

நான்காமவர் 1812 டிசம்பரில் இறக்க, பட்டம் தம்பிக்குப் போனது. தம்பி ஜோன் பல வருடங்கள் இராணுவத்தில் இருந்து, பிறகு லண்டனில் முத்திரை வரிக் கந்தோரில் வேலை பார்த்தவர். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் குதிரையில் ஏறி இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்து, தங்கிய விடுதி, சாப்பிட்ட சாப்பாடு, அதன் விலை எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதினார். பிரபு வம்சத்தில் எனக்குப் பிடித்தவர் இவர் ஒருவர்தான். பட்டம் கிடைத்து ஒரு மாதத்துக்குள், 1813 ஜனவரியில், இவரும் இறந்துவிட்டார். நாட்குறிப்புகள் 1930களில்தான் நூலாக வெளிவந்தன. இவருடைய மகன் ஆறாமவர். அந்த மகனின் மகன் ஏழாமவர். எங்கள் பாடப்புத்தகத்தின் டொரிங்டன் பிரபு அவர்தான். 1812 செப்டெம்பரில் பிறந்தவர்.

உறவு முறையை எங்கள் வீட்டு வழக்கில் சொன்னால் இலகுவாக விளங்கும். சுட்டுக்கொல்லப்பட்ட அட்மிரல், எங்கள் தேசாதிபதியின் மூத்தாப்பாவுக்குச் சாச்சா. சாச்சா சுடப்பட்ட அன்று மூத்தாப்பாவுக்கு வயது பதினான்கு. மூத்தாப்பா மௌத்தானபோது பேரன் நான்கு மாதக் குழந்தை. மடியில் இருத்திக் கதை சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஏழாமவர் பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்தார். சில காலம் இராணுவம், பிறகு அரண்மனை. விக்டோரியா மகாராணியின் பரிவாரத்தில் ஒருவராக இருந்தார். 1840 இல் மகாராணியை மணப்பதற்காக அல்பர்ட் இளவரசரை ஜேர்மனியிலிருந்து அழைத்துவரப் போன இருவரில் ஒருவர் இவர். பிறகு ஒரு ரயில்வே கம்பனியில் பணிப்பாளர். எந்தக் குடியேற்ற நாட்டையும் நிர்வகித்த அனுபவம் இல்லை. 1847 இல், முப்பத்துநான்கு வயதில், இலங்கையின் தேசாதிபதியாக நியமிக்கப்பட்டார். அப்போது பிரதமர் யார்? ஜோர்ஜியானாவின் மகன் ஜோன் றஸல். பட்டத்தில் பங்கு கிடைக்காத மகளின் பிள்ளை பிரதமராக, அவருடைய தயவால் பட்டம் கிடைத்த கிளையின் பிள்ளைக்கு ஒரு தீவு கிடைத்தது. சொந்தக்காரனுக்கு வேலை கொடுக்கிறார் என்று அன்றே லண்டனில் பேசிக்கொண்டார்கள்.

மே மாதம் கொழும்பில் வந்திறங்கியபோது இலங்கையின் கஜானா காலி. கோப்பி விலை விழுந்திருந்தது. மலைநாடெங்கும் காடு வெட்டிக் கோப்பி நட்ட வெள்ளைக்காரத் துரைமார் அலறிக்கொண்டிருந்தார்கள். புதிய தேசாதிபதி அவர்களுக்கு இரங்கினார். கோப்பியின் ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கிராமத்து மக்களிடம் கை நீட்டினார்கள். 1848 இல் வந்த வரிகளை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். துவக்குக்கு இரண்டு சிலிங் ஆறு பென்ஸ். நாய்க்கு ஒரு சிலிங். கடைக்கு ஒரு பவுண். இவற்றோடு, ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும்.

பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்களே தவிர, கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு நாள் வகுப்பில் பார்த்தோம். சிலிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், பவுணுக்கு இருபது சிலிங். ஆறு நாள் வேலைக்குப் பதில் மூன்று சிலிங் என்றால், அரசாங்கமே ஒரு நாள் உழைப்பை ஆறு பென்ஸாக மதித்திருக்கிறது. அப்படியானால் நாய் வரி இரண்டு நாள் உழைப்பு. துவக்கு வரி ஐந்து நாள் உழைப்பு. கடை வரி நாற்பது நாள் உழைப்பு! துவக்கு என்பது அன்று பணக்காரச் சாமான் அல்ல. சேனையில் பன்றியையும் யானையையும் விரட்டத் தேவைப்பட்ட கருவி. நாயும் அப்படித்தான். கடை வரி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சமூகத்தில் கடை வைத்துப் பிழைக்காத குடும்பம் குறைவு. என் வாப்பாவும் சின்னக் கடையொன்றில்தான் எங்களைப் படிப்பித்தார். மாதக் கடைசியில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு அவர் யோசித்திருந்த முகம் இந்தக் கணக்கைப் போடும்போது எனக்கு ஞாபகம் வந்தது.

ஜூலை 6 ஆம் திகதி கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் திரண்டனர். ஜூலை மாதக் கடைசியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். புரன் அப்பு படைத்தலைவரானார். அங்கிருந்து கூட்டம் மாத்தளைக்கு இறங்கியது. அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. இன்று மயானமாக இருக்கிறதே மெக்டவல் கோட்டை, அதையும் தாக்கினார்கள். 1803 இல் கட்டிய அந்தக் கோட்டையின் வாசல் மட்டும் இன்று எஞ்சி நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 29 ஆம் திகதி கப்டன் லில்லியின் படை கண்டியிலிருந்து வந்து வாரியபொலப் பக்கம் கூட்டத்தைச் சிதறடித்தது. அரசாங்கப் படையில் ஒருவரும் இறக்கவில்லை, ஒருவர் காயப்பட்டார். மறுபக்கம் இறந்தவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் படையில் சிலோன் றைபிள்ஸ் என்ற பிரிவு இருந்தது. அதில் பெருமளவு மலாய் வீரர்கள். எங்களைப் போல் கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். பிரித்தானியரிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். கடை வரியால் நொந்த முஸ்லிமும், கிளர்ச்சியை அடக்கப் போன முஸ்லிமும் ஒரே வருடத்தில் ஒரே மலையில் இருந்தார்கள். 1848 பற்றி எங்கள் வீடுகளில் பேசும்போது முதலாமவரை மட்டும் சொல்லிவிட்டு மற்றவரை விட்டுவிடுகிறோம்.

சண்டை ஒரு நாளில் முடிந்துவிட்டது. ஆனால் இராணுவச் சட்டம் ஜூலை 29 இலிருந்து ஒக்டோபர் 10 வரை நீடித்தது. இந்த இடத்தில்தான் என் தூக்கம் போனது.

இராணுவ நீதிமன்றங்கள் கூடின. நேற்றுவரை அணிவகுப்பு மட்டும் அறிந்திருந்த அதிகாரிகள் நீதிபதிகளாக இருந்தார்கள். 18 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். புரன் அப்பு ஓகஸ்ட் 8 ஆம் திகதி கண்டி போகம்பரையில் சுடப்பட்டார். மொறட்டுவையைச் சேர்ந்த அவருடைய இயற்பெயர் பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. பிறந்தது 1812 நவம்பரில். அதாவது, தண்டனை கொடுத்த தேசாதிபதிக்கும் தண்டனை பெற்றவருக்கும் வயது வித்தியாசம் இரண்டு மாதம். புரன் அப்பு எவ்வளவு துணிவோடு இறந்தார் என்பதை லண்டனுக்கு எழுதி அறிவித்தவரும் டொரிங்டனேதான்.

ஓகஸ்ட் 26 ஆம் திகதி குடாபொல தேரர் சுடப்பட்டார். காவியுடையோடு சுட்டார்கள். அரசரின் ஒளிவிடம் தெரிந்தும் சொல்லவில்லை, சத்தியம் செய்வித்தார் என்பன போன்ற குற்றச்சாட்டுகள். விசாரணையைப் பார்த்திருந்த சட்டத்தரணிகள் இவர் குற்றவாளி அல்ல என்று நம்பினார்கள். அரசாங்கத்தின் தலைமைச் சட்டத்தரணியான செல்பியே தேசாதிபதியிடம் போய், தண்டனையைக் கொஞ்சம் தாமதப்படுத்துங்கள் என்று கேட்டார். வெளியாள் அல்ல, அரசாங்கத்தின் சொந்தச் சட்ட ஆலோசகர் கேட்டார். தேசாதிபதி மறுத்துவிட்டார்.

நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். 1757 இலும் இராணுவ நீதிமன்றம். 1848 இலும் இராணுவ நீதிமன்றம். அன்றும் சட்டம் தெரிந்தவர்கள் கருணை கேட்டார்கள். இன்றும் கேட்டார்கள். அன்று மறுத்தவர் ஒரு மன்னர். சுடப்பட்டவர் ஒரு பிங். இம்முறை மறுத்தவர் ஒரு பிங். அநீதி என்று கல்லிலே பொறித்து வைத்த குடும்பத்தின் பட்டத்தைச் சுமந்தவருக்கு, அந்தக் கல் கண்டியில் வைத்து ஞாபகம் வரவில்லையா?

அவருக்காக ஒன்றைச் சொல்லலாம். பயந்திருந்தார். ஐரோப்பா முழுவதும் அந்த வருடம் அரசுகள் ஆடிக்கொண்டிருந்தன. பிரான்சில் மன்னரையே துரத்தியிருந்தார்கள். ஏறத்தாழ முப்பது வருடத்துக்கு முன் 1817 இல் ஊவாவில் தொடங்கிய பெரும் கிளர்ச்சியின் நினைவும் கண்டியில் இருந்த ஒவ்வொரு வெள்ளைக்காரருக்கும் இருந்தது. பயந்த அரசாங்கத்துக்குத் தலைகள் தேவைப்படும். ஆனால் 1757 இன் அமைச்சர்களும் இதே நியாயத்தைத்தானே சொன்னார்கள்!

கொங்காலேகொட பண்டா செப்டெம்பர் 21 இல் எல்கடுவவில் பிடிபட்டார். அப்போது சூடு தணியத் தொடங்கியிருந்தது. அவருடைய வழக்கு நவம்பரில் உயர் நீதிமன்றத்தில், பிரதம நீதியரசர் சேர் அன்ரனி ஒலிபன்ற் முன்னிலையில் நடந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டாலும் அது நிறைவேற்றப்படவில்லை. கசையடி கொடுத்து மலாக்காவுக்கு நாடுகடத்தினார்கள். ஒரு மாதம் முந்திப் பிடிபட்டிருந்தால் அவரும் போகம்பரையில் நின்றிருப்பார். சாதாரண நீதிமன்றம் என்பது சில வேளைகளில் வெறும் தாமதம்தான். அந்தத் தாமதம்தான் உயிர்.

லண்டனில் விஷயம் பெரிதாகியது. கொழும்பில் 'ஒப்சேவர்' பத்திரிகை ஆசிரியர் டொக்டர் எலியட் வரிகளைப் பற்றி ஏற்கனவே கடுமையாக எழுதியிருந்தார். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஹென்றி பெய்லி, ஜோசப் ஹியூம் போன்றவர்கள் கேள்வி எழுப்பினார்கள். 1849 இல் விசாரணைக்குத் தெரிவுக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. டிஸ்ரேலியும் இந்த விவகாரத்தில் அரசாங்கத்தைத் தாக்கினார். தேசாதிபதி, அவரது செயலாளர் எமர்சன் ரெனன்ற், மற்ற அதிகாரிகள் என்று எல்லோரும் ஒருவர்மீது ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். வாசிக்க வெட்கமாக இருக்கும். 1850 இல் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார். அடுத்த வருடம் பாராளுமன்றத்தில் வந்த கண்டனத் தீர்மானம் தோற்றது. பிரதமர் இன்னும் ஜோர்ஜியானாவின் மகன்தான்.

அவருக்கு வேறு தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. மீண்டும் அரண்மனைக்குப் போனார். மகாராணியின் பரிவாரத்தில் வருடக்கணக்காக இருந்து 1884 இல் இறந்தார். வாரிசாக மகன் இல்லாததால் பட்டம் மருமகன் முறையானவருக்கு, அதாவது சகோதரரின் மகனுக்குப் போனது. குடும்பத்தின் வேறொரு கிளையில் பிறந்த ஜூலியன் பிங் முதலாம் உலகப் போரில் விமி என்ற இடத்தில் கனேடியப் படையை வழிநடத்தி, பிறகு கனடாவின் ஆளுநர் நாயகமானார். அந்தப் பெயருக்குக் கனடாவில் இன்றும் மரியாதை உண்டு.

கொழும்பில் ஒரு சதுக்கத்துக்கு டொரிங்டன் சதுக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1948 இல், மாத்தளைக் கிளர்ச்சிக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத் தொடக்க வைபவம் நடந்தது அந்த இடத்தில்தான். இன்று அதைச் சுதந்திர சதுக்கம் என்கிறோம். சுற்றுலா போகும்போது பிள்ளைகள் கற்சிங்கங்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அதே இடம்.

நாய் வரியும் கடை வரியும் நீக்கப்பட்டன. வீதிச் சட்டம் மட்டும் நிலைத்தது.

இந்த வருடம் மீண்டும் அந்தப் பாடம் வந்தது. கரும்பலகையில் 'டொரிங்டன் பிரபு' என்று எழுதி, பக்கத்தில் 'ஜோர்ஜ் பிங்' என்றும் எழுதினேன். கொங்காலேகொட பண்டாவுக்கு நேரே, அவருடைய இயற்பெயர் டேவிட், கொங்காலேகொட என்பது உடுநுவரவில் அவர் வாழ்ந்த ஊர் என்று எழுதினேன். சவுத்ஹில் கல்லறையையும் போகம்பரையையும் பற்றிச் சொன்னேன். மார்ச் 14, ஓகஸ்ட் 8, ஓகஸ்ட் 26 என்று மூன்று திகதிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டது.

மணியடிக்கும் நேரம் முன்வாங்கில் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

"டீச்சர், அப்ப குடாபொல எண்டது ஊரா, ஆளா?"

"ஊர் மகள்" என்றேன். "பௌத்த பிக்குகள் பெயருக்கு முன்னால் தங்கள் ஊரின் பெயரை வைத்துக்கொள்வார்கள். அவருடைய பெயர் ராஹுல." அவள் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.